ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊழியத்துக்கு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் மனைவியும் மதுரையில் வீட்டைப் பூட்டிவிட்டு, உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சபையில் வந்து தங்கி இரண்டரை வருடம் ஆகிறது. உறவினர்கள், பழைய சபைக்காரர்கள், என்னோடு தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் போனில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டதால் எழுதி வைக்கிறேன். ஊர் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். இங்குள்ளவர்களின் வீட்டு விஷயமும் இதில் வருகிறது.

நீங்கள் இப்போது பாதிரியாரா?

இல்லை. நான் 38 வருடம் தபால் துறையில் இருந்தவன், கடைசியில் சப்-போஸ்ட் மாஸ்டர். என் மனைவி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 34 வருடம் நர்ஸ். எங்கள் சேகரத்தின், அதாவது பல சபைகள் சேர்ந்த தொகுதியின், ஆயர் ஏழு சபைகளைப் பார்க்கிறார். இந்தச் சபை ஏழில் ஒன்று. முன்பு இங்கே ஓர் உபதேசியார், அதாவது ஆயர் இல்லாத நாட்களில் சபையைப் பார்த்துக்கொள்கிறவர், குடியிருந்தார். அவர் ஓய்வு பெற்றபின் யாரும் வரவில்லை. சபைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த அவருடைய ஓட்டு வீடு சும்மா கிடந்தது. அதில்தான் இருக்கிறோம். ஞானஸ்நானம் கொடுப்பது, திருவிருந்து கொடுப்பது, கல்யாணம் செய்து வைப்பது எல்லாம் ஆயர் வேலை. மற்றதெல்லாம் எங்கள் தலையில்.

மிஷனெரி என்றால் வெள்ளைக்காரர்கள்தானே?

என் பேரனும் இதைத்தான் கேட்டான். மதுரையில் வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. 1834-இல் அமெரிக்கன் மதுரா மிஷன்காரர்கள் வந்தார்கள். ஆனால் அவர்கள் நேராக அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். கூடவே யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர்களும் வந்தார்கள். பசுமலை, திருமங்கலம், திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எழும்பின. 1881-இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. அதெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது.

கல்வெட்டில் இல்லாதவர்கள் உபதேசியார்களும் அவர்கள் மனைவிமாரும், வீடு வீடாகப் போன பைபிள் அம்மாக்களும். ஆயர் மாதம் ஒருமுறை வந்து போவார், அந்த இடைவெளியில் ஊரில் கிடந்தவர்கள் இவர்கள்தான். புருஷன் மணி அடித்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார், மனைவி பிரசவம் பார்க்கவும் செத்த வீட்டில் உட்காரவும் போவார். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை நம்மவர்களே தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்திய வி.எஸ். அசரியா பிற்பாடு தோர்ணக்கல் பேராயர் ஆனார். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரைக்குப் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின் வெள்ளைக்காரர்தான். ஆனாலும் கிராமத்துச் சபைகளைத் தாங்கி நின்றவர்கள் உள்ளூர்க்காரர்களே. நாங்கள் செய்வது அந்தப் பழைய உபதேசியார் வீட்டு வேலை. ஒரே வித்தியாசம், அவர்கள் இளவயதில் வந்தார்கள், நாங்கள் மாத்திரை டப்பாவோடு வந்திருக்கிறோம்.

சம்பளம் உண்டா?

கிடையாது. வீட்டுக்கு வாடகையும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் மின்சாரம் எல்லோருக்கும் போல எங்களுக்கும் இலவசம், நாங்கள் அதைத் தாண்டுவதும் இல்லை. என் ஓய்வூதியத்தில் மாதம் பத்தாயிரம், பதினோராயிரத்துக்குள் இரண்டு பேரும் இருந்துவிடுகிறோம். மதுரையில் இருந்தபோது ஆட்டோவுக்கும் ஓட்டலுக்குமே அதில் பாதி போனது.

காய்கறி வாங்குவது அபூர்வம். காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் கத்தரிக்காயோ, மொச்சையோ, முருங்கைக்கீரையோ இருக்கும். யார் வைத்தது என்று முதலில் விசாரித்துக்கொண்டிருந்தேன். விசாரிப்பது மரியாதை இல்லை என்று பிறகு புரிந்தது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

நாலு மணிக்கு ஊர் எழுந்துவிடும். மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப் பறிக்கப் போகிறவர்கள் டார்ச் அடித்துக்கொண்டு எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போவார்கள். மொட்டு விரிவதற்குள் பறித்து, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கட்டி, முதல் வண்டிக்கு மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும். வந்த புதிதில், காலை ஐந்தரைக்கு ஜெபக்கூட்டம் வைத்தால் என்ன என்று நான் அறிவித்துவிட்டேன். மதுரைப் புத்தி. வந்தவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் எண்பதைத் தாண்டியவர்கள். இந்த ஊரின் கடிகாரம் பூவின் கையில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது ஆறு மணிக்கு மணி மட்டும் அடிப்பேன். கேட்கிறவர்கள் இருக்கும் இடத்திலேயே ஜெபித்துக்கொள்வார்கள்.

குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். தண்ணீர் வரும் நாளில் ஏழரை வரை வேறு எந்த ஊழியமும் கிடையாது. எட்டு மணிக்கு நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள். வாலிபர்கள் பெரும்பாலும் ஊரிலேயே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் கொஞ்சம், முறுக்குப் போடுகிற வேலைக்கு வெளி மாநிலம் போனவர்கள் கொஞ்சம்.

ஒன்பதரை மணிக்குத் தெருவில் நடந்து பாருங்கள். திண்ணைக்குத் திண்ணை எங்கள் வயதுக்காரர்கள், அல்லது எங்களுக்கு மூத்தவர்கள். பகல் நேரத்து ஊர் முதியவர்களின் ஊர். நகரத்துச் சபைகளிலிருந்து வேனில் வரும் வாலிபர் குழுக்கள் சாயங்காலம் வருகின்றன, ஸ்பீக்கர் கட்டிப் பாடுகின்றன, பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுக்கின்றன, எட்டு மணிக்குக் கிளம்பிவிடுகின்றன. நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. பகலை அவர்கள் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அந்தப் பகல்தான் எங்களுக்கு வேலை நேரம்.

என் மனைவி பி.பி. பார்க்கும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் போவாள். நான் நோட்டோடு பின்னால் போவேன். ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை, அதில் அவள் கறார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் வந்த மாத்திரை அப்படியே அடுக்குப் பானைக்குள் கிடக்கும். "தலைசுத்தல் இல்லையே, எதுக்குத்தா மாத்திரை?" என்பார்கள். அவள் சண்டை போடமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் பிரஷர்தான், நான் இப்பப் போடப்போறேன், நீங்களும் போடுங்க" என்று தன் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். முப்பத்துநாலு வருட நர்ஸ் வேலையில் இந்த வித்தையை அவள் பயன்படுத்தியதே இல்லையாம். அப்போது பிரஷர் இல்லையே!

மத்தியானம் தூக்கம். வெட்கப்படாமல் சொல்கிறேன், ஒன்றரை மணி நேரம்.

மூன்று மணிக்கு வராந்தாவில் மேஜை போடுவேன். முதியோர் உதவித்தொகை மனு, மகளிர் உரிமைத்தொகை மேல்முறையீடு, ஆதாரில் பெயர்த் திருத்தம், பேங்க் பாஸ்புக், பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கு. எழுதிக் கொடுத்து, யார் எந்தக் காகிதத்தோடு எந்த இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நம் சபைக்காரர்கள் இல்லை. மேஜைக்கு மதம் கிடையாது.

ஐந்தரைக்குப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு வருவார்கள். ஏழரைக்கு யாராவது ஒரு வீட்டில் ஜெபம். ஒன்பதுக்கு இரண்டு பேரும் படுத்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை?

ஆயர் வராத ஞாயிறுகளில் நான் ஆராதனை முறைமையை வாசிப்பேன், பத்து நிமிடம் பேசுவேன். அதற்கு மேல் பேசினால் முன்வரிசையில் இருக்கும் என் மனைவி கைக்குட்டையை எடுத்து முகம் துடைப்பாள். அதுதான் சிக்னல்.

பாட்டுதான் இங்கே பெரிய விஷயம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகள் கீர்த்தனைகளை முதல் அடியிலிருந்து கடைசிச் சரணம் வரை பாடுவார்கள். நாம் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் அவர்கள் இரண்டாம் சரணத்துக்குப் போயிருப்பார்கள். மதுரா மிஷனின் எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாட்டுகளெல்லாம் அதன் வழியாகத்தான் இந்தப் பக்கத்துச் சபைகளுக்குப் பரவின. அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திராத ஊரில் அந்தப் பாட்டுகள் இன்னும் வாயில் இருக்கின்றன.

கைப்பிடி அரிசியும் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். இப்போது பெரும்பாலும் ரேஷன் அரிசி. அரசாங்கம் சும்மா கொடுத்ததைக் கடவுளுக்குக் கொடுப்பதா என்று ஒருவர் என்னிடம் கேலியாகக் கேட்டார். அவர் வீட்டில் அன்று என்ன அரிசி என்று நான் கேட்கவில்லை.

அறுவடைப் பண்டிகை ஏலத்துக்கு ஒருதரம் வந்து பாருங்கள். ஒரு சேவலை ஒருவர் எண்ணூறுக்கு எடுத்து, பணத்தைக் கட்டிவிட்டு, "திருப்பி ஏலம் விடுங்க" என்று கொடுத்துவிடுவார். போன வருடம் அந்தச் சேவல் நாலு முறை விலை போனது. கடைசியில் எடுத்தவன் நான். அதை அறுக்க மனம் வராமல் வளர்க்கிறோம். ஆறு மணிக்கு நான் மணி அடிப்பதற்கு முன்னாலேயே அது அடித்துவிடுகிறது.

மதம் மாற்றத்தான் போயிருக்கிறீர்களா?

இதை நேரடியாகக் கேட்டவர்களைவிடக் கேட்காமல் நினைத்தவர்கள் அதிகம் என்று தெரியும். இந்தச் சபை எங்களுக்கு முன்பே நாலைந்து தலைமுறையாக இருக்கிறது. நாங்கள் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. எங்கள் விசுவாசத்தை யாராவது கேட்டால் சொல்வோம். கேட்காவிட்டால் பி.பி. பார்த்துவிட்டு வருவோம்.

ஆனால் இந்தக் கேள்விக்கு வேறொரு பக்கம் இருக்கிறது, அது என் மேஜைக்கு வருகிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஊரில் எந்தத் தெரு, எந்தச் சுடுகாடு, டீக்கடையில் எந்த மூலை என்பதெல்லாம் மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறிவிடுகிறது. அதனால் சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயருமாக வாழ்கிற குடும்பங்கள் எத்தனையோ. இதைச் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நகரத்து ஞாயிறு மேடைகளில் ஆள் உண்டு. படிவத்தை நிரப்ப உட்கார்ந்தவனுக்கு அந்தத் தைரியம் வருவதில்லை.

சாதி சபைக்குள் இல்லையே?

எங்கள் உறவினர் ஒருவர் எங்களைப் பார்க்க வந்தார். ஜெபத்தில் உருக்கமானவர். தெருவில் ஒரு வீட்டில் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் தன் பையிலிருந்த பாட்டிலைக் காட்டி, "வேண்டாம்மா, சூடுதண்ணிதான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார். சித்திரை வெயில். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொம்பை உள்ளே கொண்டுபோனாள். அவளுக்கு இது எத்தனையாவது டாக்டரோ.

உடம்புக்கு ஏதாவது ஆனால்?

ஆனது. போன ஐப்பசி மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து எனக்கு மணிக்கட்டு முறிந்தது. 108-க்குப் போன் செய்தோம், வண்டி வந்தது. அது வருவதற்குள் என் மனைவி பழைய மாத இதழைச் சுருட்டி, துணியால் கட்டி, கையை அசையாமல் செய்துவிட்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் மணி அடித்தது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். என்னைவிட நன்றாகவே அடித்தான்.

இரண்டு பேரும் இருபத்துநாலு மணி நேரமும் சேர்ந்தே இருக்கிறீர்களே, சண்டை வராதா?

வேலையில் இருந்தவரை அவளுக்கு நைட் டியூட்டி, எனக்குப் பகல் ஆபீஸ். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் தொடர்ந்து ஒரு மாதம் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் விழித்திருந்தது கிடையாது. இங்கே வந்து முதல் மூன்று மாதம் பேச்சுவார்த்தையே மனு மாதிரித்தான் நடந்தது. ஒரு நாள் அவள், "ஏங்க, நீங்க கவுண்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்தே பழகிட்டீங்க. இங்க கவுண்டரே கிடையாது" என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபம். அடுத்த நாள் மேஜையின் மறுபக்கத்தில் இருந்த நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டேன். இப்போது வருகிறவர்கள் எனக்கு எதிரே உட்காருவதில்லை, பக்கத்தில் உட்காருகிறார்கள்.

சமையல் மாறி மாறித்தான். என் ரசம் பற்றி ஊரில் பேச்சு இருக்கிறது.

பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி இருக்கிறீர்கள்?

கஷ்டமாகத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை நாலு நாள் மதுரை போகிறோம். காலையில் மதுரையிலிருந்து போடிக்குப் போகும் ரயில் சாயங்காலம் உசிலம்பட்டி வழியாகத் திரும்பும், அதில் ஏறிவிடுவோம். பழைய மீட்டர்கேஜ் நின்று, பதினோரு வருடத்துக்கு மேல் ரயிலே இல்லாமல் கிடந்த பாதை இது. மதுரை–தேனி ரயில் 2022-இல் ஓடத் தொடங்கி, 2023-இல் போடி வரை போனது. டவுன் பஸ்ஸில் உசிலம்பட்டி வரை அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் அதை எனக்கு ஞாபகப்படுத்துவாள்.

சின்னப் பேத்தி முதன்முதலாக நடந்ததை நாங்கள் போனில்தான் பார்த்தோம். அன்று சிக்னல் வேறு விட்டு விட்டு வந்தது. நடந்தாள், நின்றாள், படம் உறைந்தது. விழுந்தாளா இல்லையா என்று தெரிய இருபது நிமிடம் ஆனது. அப்படிப்பட்ட நாளில், எதற்கு வந்தோம் என்று தோன்றத்தான் செய்யும்.

செய்ததில் வருத்தப்படுவது?

ஒன்று இருக்கிறது. எழுபதைத் தாண்டிய, தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதினேன். பேங்க் கணக்கு எண்ணில் 6-ஐ 8 என்று எழுதிவிட்டேன். 38 வருடம் எண்களோடே வாழ்ந்தவன்! உத்தரவு வந்தது, பணம் வரவில்லை. ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய ஏழு மாதம் ஆனது. மாதம் 1,200 ரூபாய் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அவர் அரை வருடத்துக்கு மேல் உப்பு, புளிக்கு யாரிடமோ கை நீட்டியிருக்கிறார். விடுபட்ட பணத்தை நான் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "நீ என்னய்யா வேணும்னா செஞ்ச" என்று சொல்லி, மடியிலிருந்த மொச்சையை என் கையில் கொட்டினார். இப்போது ஒவ்வொரு எண்ணையும் மனுக்காரரை விட்டே பாஸ்புக்கில் விரல் வைத்துக் காட்டச் சொல்கிறேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் எண் தெரியும்.

நாங்களும் வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

முதலில் உங்கள் ஆயரிடம் பேசுங்கள், நேராகக் கிராமத்துக்கு வந்து இறங்காதீர்கள். பிள்ளைகளிடமும் பேசுங்கள். அவர்கள் "சரி" என்று சொல்லும் தொனியைக் கவனியுங்கள். எங்கள் மகன் முதல் தடவை சொன்ன "சரி"யில் சம்மதம் இல்லை, அதனால் ஆறு மாதம் தள்ளிப் போட்டோம்.

இந்திய வகைக் கழிப்பறைதான் இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் கம்மோடு நாற்காலி வாங்கி வாருங்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நல்ல டார்ச். படிக்கும் கண்ணாடி இரண்டு. மாத்திரை இரண்டு மாதத்துக்கு. ஒலிபெருக்கி வேண்டாம், ஊரில் ஏற்கெனவே ஆறு இருக்கிறது. கொடுப்பதற்கென்று பழைய துணி மூட்டை கட்டி வராதீர்கள்.

எப்போது திரும்பி வருவீர்கள்?

ஒரு வருடம் என்றுதான் வந்தோம். முதலில் எங்களை "ஐயா, அம்மா" என்றார்கள். பிறகு "போஸ்ட்மாஸ்டர் ஐயா, நர்சம்மா" என்றார்கள். இந்தப் பொங்கலுக்குப் பிறகு பிள்ளைகள் என் மனைவியை "அம்மாச்சி" என்று கூப்பிடுகிறார்கள். என்னை இன்னும் "போஸ்ட்மாஸ்டர்" என்றுதான். என் பங்கு பாக்கி இருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் திங்கட்கிழமை வராதீர்கள். அன்று கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு நான் முதல் பஸ்ஸுக்கே மதுரை போய்விடுவேன், வீட்டில் சேவல்தான் இருக்கும்.